செருப்பைக் கழற்றாத வீராங்கனை

என் அண்ணன் உண்டாக்கிய உலகத்தில் சூரியன் மூன்று. மழை கீழிருந்து மேலே பெய்யும். மலைகள் நூல் அறுந்த பட்டம் மாதிரி ஆகாயத்தில் அலையும். இவ்வளவையும் யோசித்த மனுஷனுக்கு, அந்த உலகத்தின் வீராங்கனைக்கு அடிபட்டால் எங்கே போய் உடம்பைத் தேற்றிக்கொள்வாள் என்று மட்டும் தெரியவில்லை.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கிடைத்த ஐ.டி. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாடி அறையில் உட்கார்ந்து வீடியோ கேம் செய்துகொண்டிருந்தான். நான் படித்தது சிவில். ஆனால் நான்கு வருஷமும் கடைசி பெஞ்சில் படம் வரைந்தே ஓட்டியவள் என்பதால் அவனுடைய கம்பெனியின் ஓவியர் நான்தான். கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். சம்பளம் கிடையாது. சாயங்காலம் ஒரு முட்டை பப்ஸ் வரும், அதுவும் முதலாளிக்கு மனசு இருந்தால்.

மாடிக்குக் கீழே பெரியப்பா. நாமக்கல் பைபாஸ் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டி, இவர் கையில் கேபினும் கலரும் பூவேலையுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கிளம்பிப் போகும். ஒரே மகன் தன்னோடு வந்து பட்டறையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அது அவரைப் பொறுத்தவரை ஏற்பாடு.

ஆடி பிறந்த அன்றைக்கு, சாப்பிடும்போது கெடு வைத்துவிட்டார்.

“ஆடியில ஒண்ணும் ஆரம்பிக்க வேண்டாம். ஆவணி பொறந்ததும் நீ பட்டறைக்கு வந்துரோணும். அதுக்குள்ள உன்ற பொம்மைய எவனாச்சும் வாங்கறேன்னு சொல்லிட்டா, பொறவு நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

“பொம்மை இல்லீங்கப்பா. கேமு.”

“செரி, கேமு பொம்மை.”

பெரியம்மா ரசம் ஊற்றுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். அண்ணன் பாதி சாப்பாட்டில் எழுந்து மாடிக்கு வந்துவிட்டான்.

“பட்டறைக்குப் போனா என்னண்ணா? ஒரு வருஷம் இருந்துட்டு வந்துரு” என்றேன்.

“போனா திரும்பி வரமாட்டேன் புள்ள.”

“கட்டியா போட்டுருவாரு?”

“இல்ல. எனக்குப் புடிச்சுப் போயிரும்” என்றான். “லீவுக்குப் போறப்பவே பாத்திருக்கேன். ஒரு வண்டி முடிஞ்சு வெளிய போறப்ப அப்பா மூஞ்சியப் பாத்தா போதும், நாமளும் இன்னொண்ணு கட்டலாமான்னு தோணும். அப்படியே உக்காந்துருவேன். அப்பறம் இந்த மூணு சூரியன் என்னத்துக்கு ஆகும்?”

இதற்கு நான் கேலியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, அவன் வீராங்கனையைக் காப்பாற்றுகிற வேலையைப் பார்ப்போம் என்று டேப்லெட்டைத் திறந்தேன்.

மற்ற கேம்களில் அடிபட்டவன் சிவப்புத் தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு எழுந்து ஓடுவான். அண்ணனுக்கு அது பிடிக்காது. “சோடா குடிச்சா வெட்டுக்காயம் ஆறுமா?” என்பான். கோயிலை ஒட்டி ஒரு மூலிகைத் தோட்டம் வேண்டும், உள்ளே போனாலே உடம்பு லேசாக வேண்டும், அதுதான் கணக்கு. நான் நெட்டில் தேடி, பளிங்கு நீரூற்று, ஊதாப் பூக்கொடி, வெள்ளை மான் எல்லாம் போட்டு ஒரு வாரம் வரைந்து காட்டினேன்.

“கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி, ஏற்காட்டு ரோட்டுல ரிசார்ட் பாத்திருக்கியா?” என்றான்.

“ம்.”

“அதே. மானுக்கு ரூம் சர்வீஸ் கூட இருக்கும்போல.”

கோபத்தில் அன்று பப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு நானே போய் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் வழி காட்டியது பெரியப்பாவின் இருமல். பட்டறைத் தூசியும் பெயிண்ட் வாசமும் அவருக்கு ஆகாது. இருமல் வந்தால் பெரியம்மா எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயில் நந்தவனத்துக்குப் போய் ஆடாதோடை இலை பறித்து வருவார். அன்றைக்குத் துணைக்கு வரச் சொன்னார். நானும் அண்ணனும் கூடப் போனோம்.

நந்தவனம் என்றவுடன் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு லாரி நிறுத்தலாம், அவ்வளவுதான் இடம். காவியும் வெள்ளையும் பட்டை அடித்த சுற்றுச்சுவர், ஒரு இரும்புக் கேட், மூலையில் மோட்டார் போட்ட கிணறு. துளசி, நொச்சி, கற்பூரவல்லி, செம்பருத்தி, ஒரு வில்வம், ஒரு பெரிய வேம்பு. ஊரில் யாருக்கு அம்மை போட்டாலும் இந்த வேம்பிலிருந்துதான் கொத்து போகும். எனக்கு ப்ளஸ் டூவில் அம்மை போட்டபோது கட்டிலைச் சுற்றி இதே மரம்தான் படுத்திருந்தது. மத்தியானம் வெளியே ரோடு கொதித்தாலும் கேட்டைத் தாண்டினால் காலில் ஈரம் ஏறும். அந்த இடத்துக்குள் யாரும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் பெரியப்பா உட்பட.

பெரியம்மா கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய், ஆடாதோடைச் செடி முன்னால் நின்று தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டார்.

“சாமி, எங்கூட்டுக்காரருக்கு இருமல் உடமாட்டேங்குதுங்க. நாலு எலை எடுத்துக்கட்டுங்களா?”

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பறித்தார். அங்கே அப்படித்தான் வழக்கம். யாருக்கு என்ன சீக்கு என்று செடியிடம் சொல்லிவிட்டுத்தான் இலையில் கை வைக்க வேண்டும். விளக்கு வைத்த பிறகு தொடக் கூடாது, செடி தூங்கும்.

“ஏம்மா, செடி என்னம்மா சொல்லுச்சு?” என்றான் அண்ணன்.

“உன்னையாட்டம் எதுத்துப் பேசலை” என்றார் பெரியம்மா.

அண்ணன் சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தான். “புள்ள, இதுதான். இதையே வரை” என்றான்.

வரைந்தேன். அதன் பிறகு இரண்டு வாரம் கேட்டுக்கு எதிரே இருந்த கல்லில் உட்கார்ந்து வரைந்தோம். பட்டை அடித்த சுவர், கேட், கேட்டின் மேல் சாய்ந்த அரளி, வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள் வரை அப்படியே எடுத்தேன். ஆகாயத்தில் மட்டும் மூன்று சூரியன். வேம்பின் பூ இரவில் லேசாக ஒளிவிடும். செடிகளுக்குக் காது மாதிரி இலைகள். அண்ணன் கோயிலின் சட்டதிட்டங்களைக் கம்ப்யூட்டர் கோடாக எழுதினான். விளக்கு வைத்த பிறகு பறித்தால் மருந்து வேலை செய்யாது. யாருக்கு என்ன காயம் என்று சொன்னால்தான் செடி இலை தரும். எல்லாவற்றுக்கும் மேல், வீராங்கனை பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தால், செடிகள் தொட்டாற்சிணுங்கி மாதிரி இலையை மூடிக்கொள்ளும். என்ன பறித்தாலும் காயம் ஆறாது. பூட்ஸைக் கழற்ற ஒரு பட்டன் ஏற்கெனவே இருந்தது. முந்தைய கட்டத்தில் ஓடையைக் கடக்கும்போது அதை அழுத்தித்தான் இறங்க வேண்டும்.

முடித்தவுடன் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெயிண்டர்களிடமும் வெல்டர்களிடமும் கொடுத்து விளையாடச் சொன்னோம். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாக விளையாடினார்கள். அத்தனை பேரும் கேட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஒருவர்கூட யோசிக்கவில்லை. ஒரு பெயிண்டர் அண்ணா வீராங்கனையை வேம்பைச் சுற்றி மூன்று முறை நடக்க விட்டு, நிமிர்ந்து பார்த்து, “ஏம்பா, திருநீறு எங்க வெச்சிருக்கீங்க?” என்றார். அன்று ராத்திரியே திருநீறு வைத்தோம்.

யாருமே தடுமாறவில்லை என்பதால் எங்களுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பெங்களூரிலிருந்து ஒரு கேம் கம்பெனிக்காரர் பேசினார். அண்ணன் பல இடங்களுக்கு அனுப்பியதில் பதில் வந்தது அது ஒன்றுதான். வீடியோ காலில் தானே விளையாடிப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். சொன்ன நாளில் எங்கள் பக்கம் மின் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இருக்கிற ஒரே இடம் பட்டறை. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிரி முகாமுக்கே போனோம்.

பெரியப்பா தன் ஆபீஸ் ரூமைக் கொடுத்தார். மேஜையில் கிடந்த நட்டு போல்ட்டை எல்லாம் ஒதுக்கினார். நாங்கள் கேட்காமலே வெளியே போய், “அரை மணி நேரம் எவனும் சுத்தியத் தொடாதீங்க. பையனுக்குப் பேச்சு இருக்குது” என்று சத்தம் போட்டார். அந்தப் பட்டறையில் வேலை நேரத்தில் சுத்தியல் சத்தம் நின்று நான் கேட்டது அன்றுதான். திரும்பி வந்து எங்களுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனிக்காரர் எங்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். நல்ல தமிழ்.

“ஒரே ஒரு ரூல்தான்” என்றார். “நான் விளையாடும்போது நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. கேம் வாங்கறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போய் உட்கார முடியாது இல்லையா?”

“செரிங்க” என்றான் அண்ணன். நான் வாயில் விரல் வைத்துப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவரும் வாயில் விரல் வைத்துக்கொண்டார்.

முதல் கட்டங்கள் நன்றாகவே போயின. ஓடை, மிதக்கும் மலை, கண்ணாடிக் காட்டெருமையோடு சண்டை. வீராங்கனைக்கு நல்ல அடி. நொண்டிக்கொண்டே தோட்டத்து வாசலுக்கு வந்தாள்.

“ஆகா, இவ்வளவு லூட் வெச்சிருக்கீங்களா!” என்றார் அவர்.

கேமில் தரையில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிப் பையில் போடுவதற்குப் பெயர் லூட். அவர் பொறுக்கப் பார்த்தது நான் ஆசை ஆசையாக வரைந்த செருப்புக் குவியலை. ஒவ்வொரு செருப்பாகப் போய் அழுத்திக்கொண்டிருந்தார்.

பெரியப்பா என் காதருகே குனிந்தார். “ஏன் அம்மிணி, அந்தத் தம்பி எதுக்கு அடுத்தவங்க செருப்புல கை வைக்குது? கோயில் நோம்பிக்கு வந்து செருப்பு திருடறவனாட்டம்.”

“பேசக் கூடாதுங்க பெரியப்பா.”

செருப்பு கையில் வராததால் கம்பெனிக்காரர் உள்ளே போனார். பூட்ஸோடு. செடிகள் சடசடவென்று இலையை மூடின. “நைஸ் அனிமேஷன்” என்று சொல்லிவிட்டு, துளசி, நொச்சி, ஆடாதோடை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் உருவினார். காயம் ஆறாமல் வீராங்கனையின் உயிர்க்கோடு இறங்கிக்கொண்டே போய், அவள் வேம்படியில் விழுந்து செத்தாள். மறுபடி வந்தார். மறுபடி பூட்ஸ். மறுபடி செத்தாள். அண்ணனின் முழங்கால் மேஜைக்கடியில் தையல் மெஷின் மாதிரி ஆடியது. எனக்குப் பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

“ஹீலிங் வேலை செய்யல போலிருக்கு” என்றார் பெங்களூர்க்காரர். “இவ்வளவு முக்கியமான இடத்துல சாஃப்ட்வேர் பக் இருந்தா கஷ்டம். நான் இத்தோட நிறுத்திக்...”

“ஏனுங் தம்பி!”

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். பட்டறைக் குரல். வெளியே ஒரு வெல்டர் திரும்பிப் பார்த்தது ஜன்னலில் தெரிந்தது.

“கொஞ்சமாச்சும் இது இருக்குதுங்களா உங்களுக்கு? கோயிலுக்குள்ள பூட்ஸுக் காலோட போறீங்களே! அத்தனை செடியும் மூஞ்சியத் திருப்பிக்குது, அப்பவும் புரியலைங்களா? கழட்டி வெளிய உட்டுட்டுப் போங்க சாமி!”

அண்ணன் மெதுவாக நெற்றியை மேஜையில் வைத்தான்.

“யாருங்க அது?” என்றார் அவர்.

“எங்கப்பாங்க” என்றது மேஜை.

“பூட்ஸைக் கழட்டணும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?”

“எப்படித் தெரியுமா? தமிழ் பேசறீங்க, எந்த ஊருங்க நீங்க?” என்று பெரியப்பா என் தோளுக்கு மேலே கேமராவுக்குள் முகத்தை நுழைத்தார்.

“அப்பாவுக்கு தர்மபுரிப் பக்கம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர்.”

“அதானே பாத்தேன். செரி, போச்சாது உடுங்க. சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க” என்றார் அவர். ‘ங்க’ ஒட்டிக்கொண்டதை நான் கவனித்தேன்.

“சாப்பிடுங்க. அதுக்கு முன்னாடி அந்தப் புள்ளயக் காப்பாத்துங்க. பாவம், எத்தன தடவ சாவா.”

அவர் வீராங்கனையைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து பட்டனை அழுத்தினார். பூட்ஸ் செருப்புக் குவியலோடு போய்ச் சேர்ந்தது. வெறுங்காலோடு உள்ளே வைத்த முதல் அடியில், மூடிய இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. கிணற்று மோட்டார் சத்தத்தை எடுத்து அண்ணன் மெதுவாக்கி வைத்திருந்தான், அது வந்தது. காயம் முழுக்க ஆறிய பிறகும் அவர் வீராங்கனையைக் கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்.

“நல்லா இருக்கு” என்றார் கடைசியில். “ஆனா வாசல்ல ஒரு போர்டு வைங்க. இல்லைன்னா உங்க ஊரைத் தாண்டி ஒருத்தருக்கும் புரியாது. இன்னும் ரெண்டு கட்டம் சேர்த்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன். இப்போதைக்கு வாங்கறேன்னு என்னால சொல்ல முடியாது.”

வீடியோ கால் முடிந்தது. சுத்தியல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. வாங்குகிறேன் என்று ஒருத்தன் சொல்ல வேண்டும் என்பதுதான் கெடு. ஒருத்தனும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில் நம்ம முதலாளி என்ன செய்ய வேண்டும்? போர்டு வைக்க வேண்டியதுதானே? அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“போர்டெல்லாம் வைக்க முடியாது. செருப்பைக் கழட்டுன்னு எழுதிப் போட்டா அது ஆஸ்பத்திரி. தானா கழட்டுனாத்தான் கோயில். நம்ம கோயில்ல என்ன போர்டா வெச்சிருக்குது?”

பெரியப்பா அவனைப் பார்த்தார். “இல்லையா?”

“இல்லீங்கப்பா. ரெண்டு வாரமா அங்கதான் உக்காந்திருந்தோம், எங்களுக்குத் தெரியாதா?”

பெரியப்பா கார் சாவியை எடுத்தார்.

கோயில் வாசலில் இறங்கி, கேட்டின் மேல் சாய்ந்திருந்த அரளிக் கிளையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். போர்டு இருந்தது. லாரி பின்கதவு அளவுக்கு இருந்தது. நீலத்தில் மஞ்சள் எழுத்து, எழுத்துக்கு நிழல், இரண்டு பக்கமும் தாமரை. ‘உபயம்’ என்று போட்டு, பெரியப்பா பேர், பட்டறை பேர், செல் நம்பர். அடியில் மிச்சம் இருந்த இடத்தில் எறும்பு வரிசை மாதிரி ‘காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்’.

கிளைக்கு வெளியே பாதி போர்டு எப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கிளையை வரைந்திருக்கிறேன். கேட்டின் கீல்கூட வரைந்திருக்கிறேன். போர்டு வரையவில்லை.

“போன நோம்பிக்கு நம்ம பட்டறையில எழுதுனது” என்றார் பெரியப்பா. “உங்க ரெண்டு பேருக்கும் படிப்பு மட்டும் இல்லைன்னா என்ன ஆயிருப்பீங்க?”

“வெளம்பரம்னு நெனச்சு கண்ணு தாண்டிப் போயிருச்சுங்க பெரியப்பா” என்றேன்.

“வெளம்பரந்தான். அதுல என்ன தப்பு?”

அண்ணன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்திருந்தது. பிறகு, அந்த இடத்தில் எல்லோரும் பேசுகிற அடங்கிய குரலில் சொன்னான்.

“அப்பா, தை வரைக்கும் டயம் குடுங்க. அந்த ரெண்டு கட்டத்தையும் முடிச்சுடறேன். அப்பவும் ஒண்ணும் ஆகலைன்னா, நீங்க கூப்புடவே வேண்டாம். நானா வாரேன்.”

பெரியப்பா கிளையை விட்டார். இருமினார். அரை மணி நேரம் பட்டறையை நிறுத்தியவர், மகனுக்காக அதற்கு மேல் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வியாபாரி. ஒன்றும் சும்மா தரமாட்டார்.

“குடுக்கறேன். ஆனா இந்த போர்டு அந்தக் கேமுல வரோணும். இப்படியே. உபயத்தோட.”

“அப்பா! அது வேற உலகங்கப்பா. மூணு சூரியன் இருக்கற உலகத்துல நாமக்கல் லாரிப் பட்டறை எப்படிங்க வரும்?”

“அந்த ஊர்ல வண்டி இல்லையா?”

“குதிரை வண்டிதானுங்க இருக்குது.”

“அதுக்கும் எவனோ பாடி கட்டித்தானே ஆகோணும்?”

அண்ணன் உதவிக்கு என்னைப் பார்த்தான். நான் வேம்பைப் பார்த்தேன். எனக்கு இந்த வாதத்தில் ஓட்டையே தெரியவில்லை.

“பேரு போடறேன்” என்றான் கடைசியில். “செல் நம்பர் முடியாது.”

“நம்பர் இல்லாம ஆர்டர் எப்படி வரும்?”

“குதிரை வண்டிக்கா?”

பெரியப்பா யோசித்தார். “செரி, நம்பர் வேண்டாம்” என்றார், பெரிய மனசு பண்ணி.

ஆடி முடிகிற வரைக்கும் தினமும் பட்டறை முடிந்ததும் மாடி ஏறி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நீலம் இந்த நீலம் இல்லை என்றார். தாமரைக்கு இதழ் குறைகிறது என்றார். காலணி வரியையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுதலாம் என்று நான் சொன்னபோது, “எழுது, எழுது, ஆனா உபயத்தத் தாண்டக் கூடாது” என்றார். அண்ணன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தான்.

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் பெரியப்பா வழக்கமான நேரத்துக்குக் கிளம்பினார். டிபன் கேரியரைப் பெரியம்மா காரில் வைக்கிற சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டும்போது அவர் ஒரு ஹாரன் அடித்தார். யாரையும் கூப்பிடுகிற ஹாரன் இல்லை, தினமும் அடிப்பதுதான். அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்து, அடுத்த கட்டத்தைத் திறந்தான்.

நான் உபயத்தின் எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன்.